மேல் மலையில்தான் சிக்னல்

மழை படாமல் போனைச் சுற்றியிருந்த சீனிப் பை இன்றைக்குக் கிழிந்துவிட்டது. நீ சுற்றிக் கொடுத்த பை. வேறொன்றை எடுத்துச் சுற்றி, நீ போடுகிற மாதிரியே ரப்பர் வளையத்தைப் போட்டேன். அதைக் கையில் எடுத்தால் உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அழுகை ஒன்றும் வரவில்லை. சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

கொழும்பில் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு நீ பரீட்சை எழுத நாம் இரண்டு பேரும் போனோம். அங்கே வந்ததில் பலாங்கொடையில் படித்த பிள்ளை நீ ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள், எல்லோர் காலிலும் சப்பாத்து. நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து, "இத்தன பேர்ல நாலஞ்சு பேரத்தான் எடுப்பாங்களாம்மா. அதுல நான் ஒருத்தியா இருக்கக் கூடாதா என்ன?" என்று கேட்டாய். இருக்கலாம் என்றேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

பரீட்சையில் தேறினால் போனில்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்களாம். நாம் குடியிருக்கிற லயத்தில் சிக்னல் கிடையாது. நாங்கள் தேயிலைக் கொழுந்தெடுக்கிற மேல் மலையில்தான் இருக்கிறது. வேலைக்குப் பேர் பதியாதவர்கள் அங்கே நிற்கக் கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டார். அதனால் போன் என் ரவிக்கைக்குள் வந்தது. அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. "ஏம்மா, கொழுந்தெடுக்க வந்தியா, டெலிபோன் கந்தோர் நடத்த வந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பக்கத்து நிரையில் நின்ற செல்லம்மா அக்காதான், "ரெண்டுந்தான் கங்காணியாரே, சம்பளத்தக் கூட்டிக் குடுங்க" என்றாள்.

கம்பெனியிலிருந்து யாராவது கோல் எடுத்தால் நான் சொல்ல வேண்டியதை நீ இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தாய். "யெஸ். ஷீ இஸ் கமிங். ப்ளீஸ் கோல் அகேன்." மகள் வருகிறாள், திரும்ப எடுங்கள் என்று அர்த்தம். அடுப்படியில் ரொட்டி தட்டும்போதெல்லாம் சொல்ல வைத்தாய். நான் செல்லம்மா அக்காவுக்குக் கூவ, அவள் கீழ் நிரைக்குக் கூவ, அப்படியே சத்தம் லயத்துத் தண்ணீர்ப் பீலியடி வரைக்கும் வரும். நீ ஓடி வர வேண்டும். உன் சிநேகிதியைக் கோல் எடுக்கச் சொல்லி ஒரு தடவை பார்த்தோம். காலெல்லாம் அட்டை கடித்து, மூச்சு வாங்க வந்து நின்றாய். "மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசுனா எடுக்க மாட்டாங்கம்மா" என்றாய். மறுநாளிலிருந்து விடியக்காலையில் மூச்சு வாங்காமல் மலை ஏறப் பழகினாய்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது நீ இல்லை.

உன் காரியம் முடிந்து நான் வேலைக்கு இறங்கிய வாரம் போன் அடித்தது. நிரையில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. பையைப் பிரித்துப் பச்சைப் பொத்தானை அமத்தினேன். ஒரு பெண் பிள்ளை உன் பேரைச் சொல்லிக் கேட்டது.

"யெஸ். ஷீ இஸ் கமிங். ப்ளீஸ் கோல் அகேன்."

வாய் பழகியதைச் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளை சரி என்று வைத்தது. செல்லம்மா அக்கா என்னைப் பார்த்தாள். யாரும் கீழே கூவவில்லை. கங்காணி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் கொழுந்தெடுத்தேன்.

திரும்ப எடுத்தார்கள். இந்தத் தடவை சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை, நீ தேறிவிட்டாய் என்றும், இன்டர்வியூவுக்கு வரச் சொல்லத்தான் எடுத்ததாகவும் சிங்களத்திலேயே சொன்னது. சரி என்றேன். அந்தப் பிள்ளையும் உடனே வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. காற்றுச் சத்தம்தான் கேட்டது.

இப்போது யாரும் எடுப்பதில்லை. செல்லம்மா அக்கா, "அத ஏன்டி இன்னும் செமக்குற, லயத்துக் காம்பராவுல வச்சிட்டு வாயேன்" என்கிறாள். காலையில் கூடையை மாட்டும்போது போனையும் எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறேன். லயத்தில் விட்டால் அதற்குச் சிக்னல் கிடைக்காது.