வாயு லிங்கத்துப் பறவை

செவ்வாய், இரவு

எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த ஆறுமணிக்குருவி இன்று குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. சுட்டுப் பிடித்த இடம், ‘வாயு லிங்கம் தாண்டி இடது பக்கம்’ என்று காலில் சீட்டு கட்டியிருக்கிறது.

அருங்காட்சியகப் பறவைகளைச் சென்னையிலிருந்து சரிபார்க்க வந்த ரேவதி உதட்டைப் பிதுக்கினார். “எந்தப் பக்கமிருந்து வந்தா இடது, சார்? இடம் தெரியாட்டி இது வெறும் பொம்மை. எடுத்துடுங்க.”

“வாயு லிங்கம் கிரிவலப் பாதையில இருக்குங்க. இந்த ஊர்ல மலையை வலமாத்தாங்க சுத்துவோம். மலை எப்பவும் வலது கைப்பக்கம். இடதுன்னா வெளிப்பக்கம்தான்.”

“துப்பாக்கியோட வந்தவருமா?”

“கொலை பண்ணுவாருங்க. எதிர்ப்பக்கமா சுத்த மாட்டாரு.”

சிரித்துக்கொண்டே வரைபடத்தில் புள்ளி வைத்தார். பறவை பிழைத்துவிட்டது என்று வீட்டில் கத்தினேன்.

“செத்த பறவைதானே, ஏன் இப்படிக் குதிக்கறீங்க?” என்றாள் மனைவி.

உண்மைதான். விடிந்ததும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும், அதன் உறவுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று.