கிளிட்டர்திண்ட் மலையில் குளிர்

குமாரிக்கு,

நீர் பேர்கனுக்கு, அக்கா வீட்டுக்குப் போன பிறகு இங்கே எங்கள் அம்மருட் வீட்டில் சத்தமே இல்லை. சுகமாக இருக்கிறீரா?

கிளிட்டர்திண்ட் என்றால் மினுங்கும் சிகரம் என்று அர்த்தமாம். உச்சியில் கிடந்த பனியையும் சேர்த்து அளந்த காலத்தில், நோர்வேயிலேயே அதுதான் உயரம் என்றார்களாம். பனி உருகி உருகி இப்போது இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. இதை மலையில் வைத்தே உமக்குச் சொல்ல நினைத்திருந்தேன்.

அதற்குப் பதிலாக, மலையேறப் போன அன்று, மலையடி விடுதியில் எங்களோடு வந்த என் அலுவலகக்காரரிடம் உமக்குக் குளிர் ஒத்துவராது என்று சொன்னேன். உமக்கும் நோர்வேஜிய மொழி விளங்கும். "ஓம், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னீர்.

பதினொரு வருடமாக மீன் குளிரறையில் பெட்டி தூக்குகிறவர் நீர். நீர் கூட ஏறினால் பேச்சுவாக்கில் அது அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பயந்தேன்.

உச்சியில் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. இறங்கி வரும்போது, பனி தொடங்கும் இடத்தில் என் கையுறைகளோடு தனியாக நின்றீர்.

"விட்டிட்டுப் போயிட்டியள். கை விறைச்சிருக்குமே."

குளிர் ஒத்துவராத மனைவி இவர்தானா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று மதியச் சாப்பாட்டின்போது உமது வேலையைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்றும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னால் தலை நிமிர முடியவில்லை.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஏன் தனியாக வந்தாய் என்று அக்கா கேட்டிருப்பா. நீர் என்னை விட்டுக்கொடுத்திருக்க மாட்டீர். நானே அவவிடம் சொல்கிறேன்.

உமது கணவன்