தாய்மாமன் மடி

5 அக்டோபர் 2025, ஞாயிறு

இனியனுக்குக் காது குத்த நாள் பார்த்தாச்சு. நவம்பர் 2, மேல்மலையனூர். அமாவாசை இல்லாத நாளா கேட்டு வாங்கினேன். அந்தக் கூட்டத்துல பதினோரு மாசக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு யாரால நிக்க முடியும்? மொட்டை, காதுகுத்து, சாப்பாடு, எல்லாம் பேசியாச்சு. மடியில உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் மட்டும் எங்க வீட்டுப் பக்கமே தலை காட்டறதில்ல.

என் தம்பி எழிலரசனும் என் வீட்டுக்காரரும் பேசிக்கறதில்ல. சொத்துத் தகராறுன்னா நாலு பேரை வெச்சு முடிச்சிருக்கலாம். இது நியாயத் தகராறு. யாரை வெச்சு முடிக்கறது?

7 அக்டோபர்

எழுதிப் பார்த்தாலாவது தலையில ஏறுதான்னு பார்க்கறேன்.

காலனியில யாராவது செத்தா எங்க தெரு வழியா எடுத்துட்டுப் போக விடறதில்ல. ஏரிக்கரையைச் சுத்திக்கிட்டு, சேத்துல இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போகணும். போன வருஷ மழையில பச்சைமுத்துவோட அப்பாவை அப்படிக் கொண்டு போனப்போ பாடை சரிஞ்சு பொணம் சேத்துல விழுந்துடுச்சு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கிட்ட எங்க மோட்டார் ரிப்பேர் கடையில ரொம்ப வருஷமா வேலை செய்யறவரு பச்சைமுத்து. அன்னிக்கு என் வீட்டுக்காரரும் கூட நடந்தாரு. விழுந்ததைத் தூக்கினதுல இவரு கையும் ஒண்ணு. ரெண்டு நாள் சோறு இறங்கல அவருக்கு.

இப்போ தெரு வழியை விடணும்னு காலனிக்காரங்க கேக்கறாங்க. 29-ஆம் தேதி அதிகாரிங்க முன்னால சமாதானக் கூட்டம். எங்க தெருவுல இருந்து 'விடலாம்'னு பேச ஒத்துக்கிட்ட ஒரே ஆளு என் வீட்டுக்காரரு தங்கராஜ். விடவே கூடாதுன்னு தெருவைத் திரட்டறவன் என் தம்பி. கட்சியில கிளைச் செயலாளர் வேற.

எனக்குன்னு வந்து அமைஞ்சிருக்குது பாரு.

11 அக்டோபர்

தட்டு எடுத்துக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போனேன், காதுகுத்துக்கு அழைக்க. காபி குடுத்தான். தட்டை வாங்கிக்கல.

"அவங்க மேல எனக்கு இன்னாக்கா கோவம்? பச்சைமுத்து அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஓடினது யாரு? நான்தான. ஆனா வழி விட்டா ஊருன்னு ஒண்ணு இன்னாத்துக்கு? நம்ம நைனா காப்பாத்தி வெச்ச கட்டுப்பாட்டை நானா விடணும்?" கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. நடிப்பு இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்குது.

"மாமாவை யாரோ ஏத்தி விட்டுட்டாங்க"ங்கறான் இவன். "அவன்லாம் மனுசனே இல்ல"ங்கறாரு என் வீட்டுக்காரரு. இவனுக்கு பைக் ஓட்டக் கத்துக் குடுத்த அதே அவரு. மத்தவன் தானா யோசிச்சுத்தான் இதைச் சொல்றான்னு ரெண்டு பேரும் நம்பத் தயாரா இல்ல. ஒண்ணு ஏமாந்தவன், இல்லாட்டி கெட்டவன்.

12 அக்டோபர்

சரி, நான் இன்னா நினைக்கிறேன்? அவரு சொல்றதுதான் நியாயம். ஆனா எங்க வாசல் வழியா அந்தப் பாடை போறதை நினைச்சா கொஞ்சம் கூசுது. ச்சீ. எழுதவே அசிங்கமா இருக்குது. அவருகிட்ட சொல்லல.

20 அக்டோபர்

தீபாவளி. தம்பி வரல. கறிக்குழம்பு மீந்து போச்சு.

23 அக்டோபர்

காலையில இனியனுக்கு ஜுரம் ஏறி கைகால் வெட்டி வெட்டி இழுத்துச்சு. அவரு மைலத்துக்கு, ஒரு கிணத்துல மோட்டார் இறக்கப் போயிருந்தாரு. தம்பிக்குத்தான் போன் போட்டேன். சட்டை பட்டன்கூடப் போடாம காரோட வந்துட்டான். விழுப்புரம் போய்ச் சேர்ற வரைக்கும் "மாமன் இருக்கேன்டா, மாமன் இருக்கேன்டா"ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டினான். இப்போ பிள்ளைக்குத் தேவலை.

எனக்கு நிம்மதிதான் வரணும். எரிச்சல் வந்துச்சு. இவன் கெட்டவனாவே இருந்து தொலைச்சிருந்தா எவ்வளவு சுலபம்!

26 அக்டோபர்

தம்பி போன். "மாமாவை எங்களுக்காகப் பேசச் சொல்லலக்கா. கூட்டத்துக்குப் போவாம சும்மா இருந்தா போதும். மாலை, மோதிரம், தோடு எல்லாத்தோடயும் வந்து நிக்கறேன்."

சும்மா இருந்தா போதுமாம். கேக்க எவ்வளவு சின்னதா இருக்குது.

28 அக்டோபர்

கேட்டுட்டேன்.

"தாய்மாமன் உயிரோட இருக்கறப்போ என் புள்ள யாரோ மடியில உக்காரணுமா?"ன்னு அழுதேன். "பச்சைமுத்து அம்மாவும் படுத்த படுக்கையா கெடக்கறாங்க, தெரியுமா?"ன்னாரு அவரு.

தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்.

29 அக்டோபர்

அவரு கூட்டத்துக்குப் போகல. கடையையும் திறக்கல. சுவத்தைப் பார்த்துக்கிட்டு படுத்திருந்தாரு. போன் அடிச்சு அடிச்சு நின்னுது. பச்சைமுத்து பேரு.

எங்க தெருவுல ஒருத்தரும் சம்மதம்னு சொல்லலையாம். அதனால இப்போதைக்குப் பழைய வழியேன்னு முடிவாம்.

2 நவம்பர்

நல்லபடியா முடிஞ்சுது. தம்பி மடியில உட்கார்ந்து இனியன் வீல்னு கத்தினான், ஆசாரி சிரிச்சாரு. தம்பி தோளுல கை போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு இவரு. "மச்சான், மச்சான்"னு ஒரே சிரிப்பு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்ல.

6 நவம்பர்

சாப்பிடறப்போ பேப்பரைப் பார்த்து ஏதாவது நியாயம் பேசி என் உயிரை எடுப்பாரு. இப்போ "கொஞ்சம் ரசம் ஊத்து" அவ்வளவுதான். சண்டையாவது போடுய்யா.

12 நவம்பர்

ராஜகிரிக் கோட்டை மேல மேகம் கவிஞ்சு காலையில இருந்து மழை. பச்சைமுத்துவோட அம்மா விருத்தாம்பாள் நேத்து தவறிட்டாங்க. இவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரு.

மத்தியானம் பறைச் சத்தம் கேட்டுச்சு. அப்போ பார்த்து தம்பி போன் பண்ணினான், பிள்ளைக்குக் காது சீழ் கீழ் வைக்கலையேன்னு கேக்க. இல்லன்னேன்.

"இன்னாக்கா, பறைச் சத்தம் கேக்குது? எந்தப் பக்கம்?"

"ஏரிப் பக்கம்."

"அப்ப சரி"ன்னான். தேங்காய் எண்ணெய் தடவுன்னு மேல பேசிக்கிட்டே போனான். நான் உம் கொட்டிக்கிட்டிருந்தேன்.