நடுக்கோட்டைக் கடக்காத பாட்டு

மழை பருவம் தவறாது பெய்க. மலையும் கரையும் பகை மறந்து வாழ்க. இளைஞர் கால்பட்டு எந்நாட்டு ஆடுகளத்திலும் புல் முளையாதிருக்க.

வெண்கொற்றக் குடையின் கீழ் பன்னிரு மலையூர்களையும் தாய்போல் காப்பவரும், சொன்ன சொல்லைத் திரும்பப் பெறாதவருமான மலைக்கூடல் நாட்டு அரசியார் குவளைமாதேவியாரின் திருமுன்னர், வெண்கரை நாட்டு மன்னர் கண்டீரர் ஆணையைத் தலைமேல் தாங்கி, அந்நாட்டுப் பெருங்கடிகையையும் அதன் மாணாக்கர் ஆடும் அணிகளையும் மேற்பார்க்கும் அமைச்சன் மருதங்கிழான் வணங்கி விடுக்கும் ஓலை.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவியாரின் திருமகனார் பரிதிக்கண்ணர் உயிரோடு இருக்கிறார். மூச்சு சீராக ஓடுகிறது. எம் கடிகையின் சடுகுடுக் களத்தில், பக்கக்கோட்டுக்கு வெளியே, ஆட்டமிழந்தவர் அமரும் இடத்தில் அமர்ந்திருக்கிறார். அவரை அங்கிருந்து எழுப்ப எம்மால் இயலவில்லை. எழுப்பத் தக்கவர் தேவியாரின் அணியினர் மட்டுமே. அது ஏன் என்பதை இனி முறையாகச் சொல்கிறேன்.

எம் கடிகையில் இருவகை அணிகள் உண்டு. அரண்மனைச் சோறுண்டு, சிவப்புக் கச்சை கட்டி, நாட்டின் பெயரால் பிறநாட்டாரோடு மோதுவது முடியணி. பாடம் முடிந்த மாலைகளில், தம் விருப்பத்தால் கூடி, தம் வேட்டியையே வரிந்து கட்டி ஆடுவோர் மன்றத்து அணியினர். களம் இருவருக்கும் ஒன்றே. ஆயினும் முடியணியார் வந்தால் மன்றத்தார் ஒதுங்கி நிற்பது வழக்கம். அவ்வழக்கத்தை யானும் கண்டும் காணாதவனாக இருந்துவந்தேன்.

சென்ற அறுவடைக்குப் பின் நம் இருநாட்டுக் கடிகைகளும் இங்கே மோதிய நாளில், எம் முடியணியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. அவனுக்கு மாற்றாக மன்றத்திலிருந்து தும்பன் என்பவனை அழைத்தோம். உப்பளத்தார் மகன், இடக்கைக்காரன், ஆடவந்த நாள்முதல் எதிரியின் கை ஒருமுறையும் மேலே படாதவன். அன்று கச்சை கட்ட நேரமில்லை என்று முடியணிப் பொறுப்பாளர் கோவரையர் அவனை வெறும் வேட்டியோடு இறக்கினார். நேரம் இருந்தது என்பதை இப்போது அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆட்டத்தின் இறுதியில் தும்பன் சடுகுடு பாடிக்கொண்டு உங்கள் பாதிக்குள் புகுந்தான். உங்கள் அணியில் ஆடிய இளவரசரின் இடத்தோளைத் தொட்டான். திரும்புகையில், நடுக்கோடு எட்டும் தொலைவில் இருக்க, பாட்டு நாவிலிருக்கவே விழுந்தான். மூச்சு திரும்பவில்லை.

தேவியார் அறிந்ததே ஆயினும் முறை கருதிச் சொல்கிறேன். எதிரியின் பாதியில் விழுந்தவன் இறந்தே போனாலும், அவனால் தொடப்பட்டவர் அவன் கையைப் பற்றி நடுக்கோட்டைக் கடத்தி, பாட்டு முடிந்தது என்று சொல்ல வேண்டும். சொன்ன பின் தாம் வெளியேறி அமர வேண்டும். நம் இருநாட்டு முன்னோரும் சேர்ந்து வகுத்த முறை அது. இளவரசர் அன்று கை நீட்டியே வந்தார். கோவரையரோ அவரைத் தடுத்து, அம்முறை கச்சை கட்டியவர்க்கே உரியது, இவன் மன்றத்தான், நிழலுக்குத் தூக்குங்கள் என்றார். அவ்வாறே பக்கக்கோட்டின் வழியாக, தண்ணீர்ப் பந்தல் பக்கம், தும்பனை வெளியே கொண்டுபோனார்கள். நடுக்கோட்டை அவன் கடக்கவேயில்லை. பாட்டு முடிந்தது என்று யாரும் சொல்லவுமில்லை.

சில நாள் கழித்து, உச்சிவெயிலில், ஆளில்லாக் களத்தில் பாட்டுக் கேட்டது. மன்றத்தாரே முதலில் கேட்டனர். உரத்த குரல் அன்று. மூச்சை மிச்சம் பிடித்துப் பாடுகிறவனின் தணிந்த முணுமுணுப்பு. கேட்பவர் அது எங்கே நிற்கும் என்று காத்திருப்பர். அது நிற்காது. காத்திருப்பவர்க்குத்தான் நெஞ்சு முட்டும்.

முடியணியார் நகைத்தனர். சோறு போடாமலே இன்னும் ஆடுகிறானா, அப்படியானால் மன்றத்தானேதான் என்று ஒருவன் சொல்ல, மற்றவர் தொடை தட்டிச் சிரித்ததாக அறிகிறேன். அப்படிச் சொன்னவனே மறுநாள் பயிற்சியில் பாடிப் புகுந்தான். பாதி வழியில் அவன் வாய் மூடிக்கொண்டது. அவன் பாட்டு மட்டும் அவனுக்கு முன்னே, ஆளில்லாத மண்ணின்மேல், தொடர்ந்து போயிற்று. அன்றிலிருந்து அவனால் நீளப் பேச முடிவதில்லை; இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறான். அவன்பின் பாடிப் புகுந்த ஒவ்வொருவனுக்கும் அதே கதி. மலையைக் கெல்லியெடுப்பவர் போன்ற தோளுடைய அவ்விளைஞர், ஒரு சிற்றகலை ஊதி அணைக்கமாட்டாமல் கையால் விசிறி அணைப்பதை யானே கண்டேன்.

களத்து மண்ணை மாற்றிப் பார்த்தோம். காலையில் சமன்செய்த மண்ணில் உச்சிக்குள் ஒற்றையாளின் காலடிகள் விழுந்திருக்கும். எல்லாம் உங்கள் பாதியிலேயே. நடுக்கோடு வரை வரும், திரும்பும், மீண்டும் வரும். கோட்டை மிதித்த அடி ஒன்றுகூட இல்லை.

இந்நிலையில் மன்றத் தலைவன் நாகன், தும்பனின் தோழன், எமக்குச் சொல்லாமல் மலையேறி இளவரசரைக் கண்டிருக்கிறான். கண்டு, ஐயா, அன்று அவன் கை தங்கள்மேல் பட்டதா இல்லையா, அதைமட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். பட்டது என்றாராம். பட்ட இடம் அன்றுமுதல் வெயிலிலும் வேர்ப்பதில்லை என்று தோளைத் திறந்தும் காட்டினாராம்.

நேற்று உச்சிப்பொழுதில் இருவரும் களத்துக்கு வந்தனர். இளவரசர் கச்சையின்றி, மன்றத்தார் போல வேட்டியை வரிந்து கட்டியிருந்தார். யான் எதிரே சென்று தடுத்து, தேவியாரிடம் கேட்ட பின் செய்யலாம் என்று வேண்டினேன். அவர் சிரித்து, அம்மாவிடம் கேட்டால் கூடாது என்பார், அதனால்தான் கேட்காமல் வந்தேன் என்றார். யான் விலகி வழிவிட்டேன். அதற்குரிய தண்டனையை ஏற்க ஆயத்தமாக இருக்கிறேன்.

அவர் உங்கள் பாதிக்குள் சென்று நின்றார். பாட்டு அவரைச் சுற்றி வந்தது. அவர் கையை நீட்டினார். விரல்கள் எதையோ பற்றியவை போல மூடிக்கொண்டன. களைத்தவனை நடத்தி வருகிறவர் போல, தோள் பின்னுக்கு இழுபட, மெல்ல மெல்ல நடந்தார். அவர் அடிகளுக்கு அருகே வேறு இரண்டு அடிகள் மண்ணில் விழுந்துகொண்டே வந்தன. அவை நடுக்கோட்டைக் கடந்தன. பாட்டு முடிந்தது என்று அவர் தெளிவாகச் சொன்னார். முடிந்தது.

அந்நேரமே முடியணியார் அனைவரும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தனர். சிலர் அழுதனர். நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த போது இளவரசர் பக்கக்கோட்டைக் கடந்து, சம்மணமிட்டு, முதுகு நிமிர அமர்ந்தார். அப்படியே இருக்கிறார். நீர் கொடுத்தால் பருகுகிறார். அழைத்தால், ஆட்டம் முடியவில்லையே, நான் வெளியே இருக்கிறேன் என்கிறார், வேறு பேச்சில்லை. அரண்மனைக்குக் கொண்டுபோக நால்வர் தூக்கிய போது மூச்சு நின்றது. இறக்கி அமர்த்திய பின்னரே திரும்பியது. நாகன் குடைபிடித்து அருகிலேயே இருக்கிறான். பசிக்கிறது என்றுகூட எழுந்து போவதில்லை.

வெளியே அமர்ந்தவர் மீண்டும் எழ, அவருடைய அணி எதிரணியில் ஒருவனைத் தொட்டு, பத்திரமாகத் தன் பாதிக்குத் திரும்ப வேண்டும். ஆட்டத்தின் முறை அது. வேறு மருந்தை மருத்துவர் அறியார். தொடப்பட்டவன் இப்போது இளவரசர் இருப்பது போலவே வெளியே அமர்ந்துவிடுவான் என்பது களமறிந்த மூத்தோர் கருத்து.

ஆகவே எம் மன்னர் வகுத்தது இது. எம் பாதியில் எழுவர் நிற்பர். அறுவர் உயிருள்ளோர்: முடியணியில் மூவர், மன்றத்தில் மூவர். நிற்க ஆள் தேடவில்லை. விலகு நான் நிற்கிறேன் என்று தமக்குள் தள்ளிக்கொண்டதைத்தான் விலக்க வேண்டியிருந்தது. ஏழாவது இடம் தும்பனுடையது; கோட்டைக் கடந்து தன் பாதிக்குத் திரும்பியவன் இன்னும் ஆட்டத்தில் இருப்பவனே. கோவரையர் தம் கையாலேயே சிவப்புக் கச்சை ஒன்றை மடித்து அவ்விடத்தில் வைத்து, மண்ணில் விழுந்து வணங்கினார். இன்று காலை சென்று பார்த்தோம். மடிப்புக் குலைந்து, ஓர் இடுப்பின் அளவுக்கு வட்டமாய்ச் சுற்றி முடியப்பட்டுக் கிடந்தது. முடிச்சு இடக்கைக்காரன் போடுவது. நாகன் அதைக் கண்டு, அவன்தான் ஐயா, எப்போதும் இப்படித்தான் இறுக்குவான் என்றான்.

தேவியாரின் அணி அங்கே கையை வைத்தால், இறந்தவன் வெளியேறி ஓய்வான், இளவரசர் எழுவார், எவர்க்கும் இழப்பில்லை. ஆயினும் ஒன்றை மறைப்பது அறமன்று. அவன் எதிரியின் கை படாதவன் என்று மேலே எழுதியிருக்கிறேன். உயிரோடு இருந்தபோதே அப்படி. மற்ற அறுவரைத் தொடுவது எளிது. அவர்கள் விலகி ஓடமாட்டார்கள். அப்படியே உறுதி கூறியிருக்கிறார்கள்.

நீண்ட மூச்சுடையோரைத் தேர்ந்து உடனே அனுப்புக. எவரைத் தொட வேண்டும் என்று எம் மன்னர் கூறவில்லை. அந்தக் கட்டளை தேவியாருடையது.

எம் நாட்டார்க்கு மன்னர் இட்ட ஆணையும் இதனுடன் வருகிறது: மலைக்கூடல் அணி வரும்வரை களத்தின் வாயில் அடைக்கப்படலாகாது, உச்சிப்பொழுதில் எவரும் உரக்கப் பேசலாகாது, ஏழாவது இடத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே ஒருவரும் குறுக்கே நடக்கலாகாது.

இவ்வோலை மன்னர் திருமுன் படித்துக் காட்டப்பட்டு, அரக்கிட்டு, அன்னப் பொறி ஒற்றப்பட்டது. அரக்கிடும் முன் களத்திலிருந்து ஆள் வந்து, ஏழாவது இடத்து மண்ணில் இரண்டு பாதங்கள் அகன்று ஊன்றி, குதிகால் தூக்கி, ஆட்டத்துக்கு ஆயத்தமாகப் பதிந்திருப்பதாகச் சொன்னான். அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

தேவியாரின் செங்கோல் வாழ்க. திருமகனார் எழுக.