நாள் குறிக்காத பிரசவம்

பெப்ரவரி 9

கிளினிக் போய் வந்தேன். பிரஷர் சரி, பிள்ளையின் தலை கீழே இறங்கியிருக்கிறது. எங்கள் பகுதி மருத்துவமாது ரபீகா மிஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா ஈக்குது நிரோஷினி, சும்மா நடந்து திரிங்க" என்றார். பிரசவத் திகதி மார்ச் பத்து என்று அட்டையில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு வடை தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பெப்ரவரி 12

எனக்கு நாள் குறித்துவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்க.

மாமி சாத்திரியாரிடம் போய் வந்திருக்கிறார். இருபத்தெட்டாம் திகதி, பூச நட்சத்திரம், பகல் பன்னிரண்டு பத்துக்கும் பன்னிரண்டு நாற்பதுக்கும் இடையில். தனியார் ஆஸ்பத்திரியில் அறையும் பேசியாச்சு. நான் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். மாமி என்னிடம் சொல்லவில்லை. என் காதில் விழும்படி மகனிடம் சொன்னார்.

"எனக்கு ஒரு நோயும் இல்லையே மாமி, ஏன் வெட்டணும்?"

"நோய்க்கா வெட்டுறாங்க? புள்ளையோட சாதகத்துக்கும்மா. நிரஞ்சனிக்கும் மே மாசத்துல நாள் பாத்தாச்சு."

நிரஞ்சனி என் கணவர் யுகேஷின் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், ஆறு மாதக் கர்ப்பம். கிளினிக் பக்கமே போனதில்லை, எல்லாம் தனியார் டொக்டர்தான். அவளையாவது கேட்டீர்களா என்றேன். மாமி கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு ஆயத் தெரியவில்லையாம்.

யுகேஷ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் அப்படி என்னதான் இருந்ததோ.

பெப்ரவரி 13

என் வயிறு இது. ஒன்பது மாசமா சுமக்கிறது நான். வாந்தி எடுத்தது நான், கால் வீங்கினது எனக்கு. கத்தி வைக்கிற நேரத்தை மட்டும் எவனோ ஒருத்தன் கட்டம் போட்டுப் பாத்துச் சொல்லுவானா?

பெப்ரவரி 17

தனியார் டொக்டரிடம் மாமியே கூட்டிப்போனார். அவர் நேர்மையான மனிதர். "செய்யத் தேவை என்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் விரும்பிக் கேட்டால் யோசிக்கலாம்" என்றார். யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். நான்தானாம்.

பின்னேரம் ரபீகா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "வலி வரட்டும் புள்ள. பெரியாஸ்பத்திரில மிட்வைஃப்மார் பாப்பாங்க. ஆனா ஒன்டு, வெட்டத்தான் வேணும்னு அங்க சொன்னா அடம் பிடிக்க ஏலாது" என்றார். அதற்குச் சம்மதம். பிள்ளைக்காக என்றால் பத்து இடத்தில் வெட்டட்டும். பூசத்துக்காக ஒரு கீறல்கூட விடமாட்டேன்.

பெப்ரவரி 22

இன்று வளைகாப்பு. மாமி நாற்பது பேரை அழைத்திருந்தார். மஹய்யாவயிலிருந்து அம்மா ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்தார். அம்மா நகரசபையில் தெருக் கூட்டுகிறவர். அதனால் அவருக்குக் கதிரை கடைசி வரிசையில்.

வளையல் போட்டு முடிந்ததும் மாமி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "கூட்டிட்டுப் போற சம்பிரதாயத்த மட்டும் விட்டுருவோம் அழகம்மா. ஒங்க வீட்டுல வசதி பத்தாது. ஆஸ்பத்திரிக்கும் நாளாச்சு."

அம்மா தலையாட்டப் போனார். நான் எழுந்து நின்றேன். இந்த வயிற்றோடு சட்டென்று எழுவது லேசில்லை.

"என்ன மாமி, சம்பிரதாயத்துல பாதியைச் செஞ்சு பாதியை விட்டா புள்ளைக்கு ஆகுமா? தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே?"

நாற்பது பேருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன். முன்வரிசையில் இருந்த மாமியின் அக்காவே, "அவ கேக்குறது நியாயந்தானே இராஜேஸ்வரி" என்றார். நாளும் நட்சத்திரமும் பார்க்கிற மாமி, வளைகாப்பு போட்ட பெண்ணைத் தாய் கூட்டிப்போகக் கூடாது என்று ஊருக்கு முன்னால் எப்படிச் சொல்வார்? என் பையை நான் காலையிலேயே கட்டி வைத்திருந்தேன்.

ஆட்டோ வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்மா, "ஒனக்கு இவ்ளோ வாய் எங்கிருந்துடி வந்துச்சு" என்றார். கோபம் மாதிரி இல்லை.

பெப்ரவரி 28

பகல் 12.10. அம்மாவின் கட்டிலில் சாய்ந்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மாங்காய் தின்றேன். 12.40-ம் போனது. மாமி ஆறு தரம் அழைத்தார், நான் எடுக்கவில்லை. யுகேஷ் ஒரு தரம்.

"வர்றியா?"

"இல்லங்க."

"சரி."

அது என்ன சரி? கோபமா, இல்லை நிம்மதியா? ஆறு வருடம் பழகியும் இந்த மனிதரின் "சரி"க்கு எனக்குப் பொருள் தெரியாது.

மார்ச் 6

மாமி சொல்லியனுப்பியிருக்கிறார்: பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான்தான் பொறுப்பாம். ஆமாம், நான்தான்.

மார்ச் 10

திகதி வந்துவிட்டது, வலியைக் காணோம். பெரியாஸ்பத்திரியில் துடிப்புப் பார்த்து, எல்லாம் சரி, இன்னும் பொறுக்கலாம் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து துடிப்பை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். பயமா இருக்கு. எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசிட்டேனே, ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா? அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 13

நேற்று விடிய ஐந்து மணிக்குத் தொடங்கியது. அழைத்த இருபதாவது நிமிடம் யுகேஷ் ஆட்டோவோடு வாசலில் நின்றார். சட்டையை உள்புறம் வெளியே வரப் போட்டிருந்தார்.

பிரசவ அறையில் வயதான சிங்கள மருத்துவமாது ஒருவர். என்னைப் படுக்கவே விடவில்லை. நடக்க வைத்தார், கட்டில் கம்பியைப் பிடித்துக் குந்த வைத்தார், இடுப்பைத் தேய்த்துவிட்டார். "நங்கி, அவசரம் வேணாம். புள்ளைக்கு வழி தெரியும்." நங்கி என்றால் தங்கை. அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். எனக்கும் அது போதும்.

நான் கத்தினேன். யாரையெல்லாம் திட்டினேன் என்று நினைவில்லை. மாமியும் அதில் இருந்திருந்தால் நல்லது.

ஒரு கட்டத்தில், எழுத வெட்கமாக இருக்கிறது, நானே கேட்டேன். "ஏலாது மிஸ், வெட்டிருங்க." நானே! அவர் சிரித்தார். "இப்ப எங்க வெட்டுறது? தல வந்தாச்சு." என் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் வைத்தார். ஈரமாய், மயிரோடு ஒரு தலை. அதைத் தொட்ட பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிற்பகல் 2.25. பெண். மூன்று கிலோ நூறு. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, தனக்கு வேலை இல்லை என்று போய்விட்டார்.

மார்ச் 15

மூல நட்சத்திரமாம். பெண் மூலம் நிர்மூலம், மாமனாருக்கு ஆகாது. இதைச் சொல்ல மாமி முதல் தடவையாக மஹய்யாவ வந்தார். என் மகளின் மாமனாருக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்காது. அந்த முகம் தெரியாதவனைக் காப்பாற்ற நான் வயிற்றைக் கொடுத்திருக்க வேண்டுமாம்.

"சாதகத்த எழுதாமயே விட்டுருவோம்" என்றார் மாமி.

"மூலம்னே எழுதட்டும்மா" என்றார் யுகேஷ். யுகேஷ்தான்! இந்தத் தரம் தட்டு எதுவும் கையில் இல்லை.

நான் எழுந்துபோய் மாமிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "நாலாம் நாளே நடக்குறியா?" என்று கேட்டார். போகும்வரை என் நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 12

பிள்ளைக்கு இன்று முப்பத்தியிரண்டு நாள். காலையில் மாமி போனில் அழைத்தார். பிள்ளையைக் கேட்டார், பாலைக் கேட்டார், மழையைக் கேட்டார். பிறகு குரலை இறக்கினார்.

"நிரஞ்சனி அழுதுகிட்டே இருக்கா. அந்த ரபீகா மிஸ்ஸோட நம்பரக் குடு."

"நிரஞ்சனியைக் கேக்கச் சொல்லுங்க மாமி. அவ கேட்டா குடுக்கிறேன்."

"நான் கேட்டா பத்தாதா?"

"பத்தாது மாமி."

போனை வைத்துவிட்டார். அதிகம் பேசிவிட்டேனோ என்று பகல் முழுக்க யோசித்தேன். இல்லை.

நாலு மணிக்கு நிரஞ்சனி அழைத்தாள். "அண்ணி, நான்தான் கேக்கிறேன்" என்றாள். கொடுத்தேன்.