பிரித்துக் கட்டிய நாலு கட்டு

மார்ச் 4, செவ்வாய்

பெண் தொழில்முனைவோருக்கான ஐந்து நாள் பயிற்சி முடிந்து இன்றுதான் என் தையல் யூனிட்டுக்குப் போனேன். தலைக்குள் ஒரே இரைச்சல். கையில் ஒரு படிவம்: அடுத்த ஆறு மாதத்தில் நான் வளர்த்துக்கொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள், முன்னுரிமைப்படி. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். மேடைப் பேச்சா, கணினியா, ஏற்றுமதியா? எதுவுமே தெரியாதவள் எதை முதலில் போடுவது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பயிற்சிக்குப் போனது நீ, பரீட்சை எழுதுறது நானா?" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

ஒன்று எழுதிவிட்டேன்: பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது. பயிற்சியாளர் அதைத்தான் பத்துத் தடவை சொன்னார். மற்ற இரண்டும் காலி.

வெட்டும் அறையை முழுசாகக் கட்டிங் அக்காவிடம் ஒப்படைத்தேன். பதினோரு வருடமாக என்னோடு இருப்பவர், என்னைவிட மூத்தவர். இனி நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சந்தோஷமா, சந்தேகமா? புரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

எட்டிப் பார்த்தேன். பள்ளிச் சீருடை ஆர்டர், எண்ணூறு சட்டை. அக்கா சாப்பிடப் போன நேரம், அவர் கட்டி வைத்திருந்த கட்டுகளில் நாலைப் பிரித்து, துண்டுகளை மேசையில் பரப்பி அளவு பார்த்து, திரும்பக் கட்டினேன். அளவெல்லாம் சரி. பின்னே எதற்குப் பார்த்தேன்?

மார்ச் 14, வெள்ளி

மானம் போனது. முப்பது சட்டையில் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். ஒரே நிறத் துணிதான் என்றாலும் ரோலுக்கு ரோல் சாயம் கொஞ்சம் மாறும். அதனால்தான் ஒரு ரோலில் வெட்டியதை ஒரே கட்டாகக் கட்டுவது. நம்பி ஒப்படைச்சா இப்படித்தான் பாத்துக்குவீங்களான்னு பத்துப் பேர் முன்னால கேட்டுட்டேன். அக்கா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 15, சனி

அவர் வரவில்லை. அவர் இல்லாமல் இந்த யூனிட் ஒரு வாரம்கூட ஓடாது. அந்தச் சட்டைகளோடு வந்த, கட்டு எண் எழுதிய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன்.

நான் பிரித்த அதே நாலு கட்டு. ஐயோ. நான்தான் ரெண்டு ரோல் துண்டுகளையும் கலந்து கட்டியிருக்கேன்.

யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுட்டா? — சீ, என்ன பொம்பளை நான்.

மார்ச் 17, திங்கள்

அக்கா வீட்டுக்கே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமையே தெரியும் மேடம். அந்தக் கட்டுகள்ல இருந்த முடிச்சு என் முடிச்சு இல்ல."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். சொன்னால் நம்பியிருப்பேனா என்று கேட்டார். கிளம்பும்போது, "என்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தப் பத்துப் பேருகிட்ட?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

சொன்னேன். அந்தப் பத்துப் பேர் முன்னால், அக்காவையும் வரவழைத்து. நடுவில் இரண்டு தடவை உளறினேன். பொத்தான் தைக்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம் அடக்கிக்கொண்டாள். அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 28, வெள்ளி

பயிற்சியாளர் ஃபோன் செய்தார். நான் அனுப்பிய படிவத்தில் இரண்டு வரி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். முதல் வரியே இன்னும் கைவரவில்லை என்றேன். பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் வளர்ச்சியா? கை பரபரக்கிறது. குழப்பமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

வெட்டும் அறைக்கு நான் போய்ப் பதினாறு நாள். மதியம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். "புது ரோல்ல ஒரு சந்தேகம் மேடம். கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

கூடவே போனேன். பதினோரு வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.