பெயர் வேண்டாம் என்று சொன்ன ஆபரேட்டர்

நெய்வேலி,
பிளாக் 19.

அன்பு மகள் ஹரிணிக்கு அப்பா எழுதிக்கொள்வது, இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் மூட்டுவலியும் நலம். டெல்லிக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சுவருக்கும் காது உண்டு, நம் குவார்ட்டர்ஸ் சுவருக்கு இருப்பது பக்கத்து வீட்டு சோமசுந்தரத்தின் காது.

சுரங்கத்து இயந்திரங்களில் சென்சார் வைப்பதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை யாரோ தமிழாக்கி பிளாக் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மண் முடிந்து கரி தொடங்குவதை சென்சாருக்கு முன்பே, வெட்டும் இயந்திரத்தில் எங்கள் சீட்டின் அதிர்வு சொல்லிவிடும் என்று நான் உன்னிடம் சொன்னதைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். சர்வீஸில் இருப்பவன் பத்திரிகைக்குப் பேசினால் வம்பு என்று பயந்து நான்தான் பெயர் வேண்டாம் என்றேன், நீயும் பெயர் வெளியிட விரும்பாத ஆபரேட்டர் என்றே போட்டாய். இப்போது சோமசுந்தரம், அது நாந்தாங்க, ஹரிணிப் பொண்ணு கேட்டுகினே இருந்துச்சி, பேரு மட்டும் போடாதன்னுட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், சொந்த அப்பனையே நீ கேட்டிருப்பாய் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதே இயந்திரத்தில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவர்தான், ஆனால் கரி வந்ததைக் கீழே இருப்பவர்கள் கத்தினால்தான் அவருக்குத் தெரியும். நான் பயந்த மெமோ அவருக்கு வரவில்லை, கேன்டீனில் ஓசி வடைதான் வந்தது. முப்பத்தொரு வருஷம் அந்தச் சீட்டில் முதுகு தேய்ந்த நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன், வயிறு எரிகிறது கண்ணு.

பொறுக்கமாட்டாமல் உன் ஆபீசுக்கே போன் போட்டு, அந்த ஆபரேட்டர் நான்தான், பெயரைப் போடுங்கள் என்றேன். எடுத்த பெண், அதையெல்லாம் வெளியே சொல்வதில்லை சார், போன வாரமும் நெய்வேலியிலிருந்து ஒருவர் இதையேதான் சொன்னார் என்றாள். உன் அப்பா என்று சொல்ல வாய் வரை வந்தது, சொந்த அப்பனைக் கேட்டு எழுதினாள் என்று உன்னை யாரும் இளக்காரமாகப் பேசிவிடக் கூடாதே என்று முழுங்கிவிட்டேன். பி.இ. படித்துவிட்டுப் பேனா பிடிக்கப் போனாளே என்று உன்னை எத்தனை திட்டியிருப்பேன், கொடுத்த வாக்கை என்னிடமிருந்தே காப்பாற்றுகிற வேலை அது என்று இப்போதுதான் தெரிந்தது. பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள், வழியனுப்பு விழாவுக்கு நீ கட்டாயம் வரவேண்டும், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. நீ வருவதாகக் கேன்டீனில் சொல்லிவைத்தேன், அன்றிலிருந்து சோமசுந்தரத்துக்கு வடை இறங்கவில்லை. வந்து நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அவரைப் பார்த்து வணக்கம் அங்கிள் என்று மட்டும் சொல், எனக்கு அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நீடூழி நன்றாக இரு.

இப்படிக்கு,
நாற்பத்தொரு நாள் வரைக்கும் பெயர் வெளியிட விரும்பாத
உன் அப்பா